உன் பொஞ்சாதி தேர்ந்தெடுத்த மெஷினும் நான் காய்ச்சிய பாலும்

என் கண்ணான மகன் ஜெரால்டுக்கு அம்மா ரோசம்மாள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் இங்கே நான், அப்பா, உன் பொஞ்சாதி ஜெனிபர், உன் மகள் எப்சிபா நாலு பேரும் சுகம், அதிலும் உன் மகள் ரொம்பவே சுகம், மூன்று மாதத்தில் கன்னம் இரண்டும் தொங்குகிறது, மூக்கு மட்டும் உன் மூக்கு, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஓமன் வெயிலில் வெல்டிங் அடித்து அடித்து பாஸ்போர்ட் போட்டோவுக்கும் உனக்கும் சம்பந்தமில்லாமல் ஆகிவிட்டால் ஏர்போர்ட்டில் விட மாட்டார்கள், பார்த்துக்கொள். லெட்டரைப் பார்த்துப் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையில் போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும் என்று உனக்கே தெரியும், நான் பேசுவதெல்லாம் சமையல்கட்டில் இருக்கிற உன் பொஞ்சாதி காதில் விழும். அவள் காதுபட அவளைப் புகழ்ந்தேன் என்று வை, மறுநாளே எனக்கு மாமியார் என்கிற மரியாதை போய்விடும், இத்தனை வருஷம் மருமகளாக இருந்து கஷ்டப்பட்டு வாங்கிய பதவி அது, அவ்வளவு சுலபமாக விட முடியுமா. அதனால்தான் புதுவாயல் யேசுதாஸ் லீவு முடிந்து உன் கேம்புக்கே திரும்புகிறான் என்று தெரிந்ததும் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். சனிக்கிழமை அவன் பிளேன் ஏறுகிறான், ஞாயிற்றுக்கிழமை இது உன் கையில் இருக்கும். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் ஊறுகாயைத் திற.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன தீர்ப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜெனி மெஷினில் எடுத்துவைத்த பாலைக் குழந்தை குடிக்கவில்லை என்று நான் சொன்னேன், உடனே நீ அப்படியானால் ஜெனி வேலையை விட்டுவிடட்டும், பத்தாம் தேதி போக வேண்டாம், நான் சம்பாதிப்பது போதாதா என்று சொல்லிவிட்டு டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டாள். நீ அங்கே நல்ல புருஷனாகத்தான் பேசினாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்தாம் தேதி என்ன தேதி என்று உனக்குச் சரியாகத் தெரியுமோ தெரியாதோ, சொல்கிறேன் கேள். அவள் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறவர்களுக்கு பிரசவத்துக்கு அப்புறம் மூன்று மாதம்தான் லீவு கொடுத்தார்கள். திங்கள்கிழமை பத்தாம் தேதி காலை ஷிப்டுக்குப் போய் நின்றால் பர்மனென்ட் லிஸ்டில் அவள் பெயர் போகும், நிற்காவிட்டால் இருக்கிற இடத்திலிருந்தும் பெயரை எடுத்துவிடுவார்கள். நாலு வருஷம் அந்த லைனில் நின்று, வயர் செட்டில் எது நல்லது எது ரிஜெக்ட் என்று பார்த்துப் பார்த்து, கால் வீங்கி எட்டு மாதம் வரை போய் வாங்கிய இடம்.

அதற்காகத்தான் அவள் அந்தப் பால் எடுக்கிற மெஷினே வாங்கினாள். அவள் அதை வாங்கிய கதையை நீ கேட்டிருந்தால் போனை வைத்திருக்க மாட்டாய். நான் என்ன நினைத்தேன், கடைக்குப் போனோமா, ஒரு பம்பு கொடப்பா என்றோமா, வந்தோமா என்று. உன் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கக்கூட நாம் ஒரே வீட்டுக்குத்தான் போனோம், இவள் ஒரு பம்புக்கு மூன்று கடை ஏறினாள். முதலில் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மெடிக்கல். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார், என்னவோ மந்திரி வருகிற மாதிரி. கடைக்காரன் குரலைத் தாழ்த்தி, கீழ் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பேப்பரில் சுற்றியே காட்டினான். அது ஆட்டோ ஹாரனில் இருக்கிற மாதிரி ரப்பர் உருண்டை வைத்தது. இவள் அந்த உருண்டையைப் பிடுங்கி உள்ளே ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, பால் இதற்குள் ஏறினால் எதை விட்டுக் கழுவுவது என்று கேட்டாள். அவன் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் போதும் என்றான். உள்ளே கண்ணுக்குத் தெரியாததைக் குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன் என்று திருப்பி வைத்துவிட்டாள். அடுத்த கடையில் கையால் அமுக்குகிற பம்பு, அது பரவாயில்லை, கரண்ட் இல்லாத நாளைக்கு ஆகும் என்றாள், ஆனால் வயர் பிடித்துப் பிடித்து ஏற்கெனவே வலிக்கிற கையை வைத்துக்கொண்டு தினம் மூன்று தடவை அமுக்க முடியாது என்று கணக்குப் போட்டாள்.

அதற்குள் அவளோடு லைனில் வேலை செய்கிற சுமலதா வீட்டுக்கு வந்து, எதற்கடி புதுசு, என்னுடையது சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கோ என்று தன் மெஷினையே கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு வாயெல்லாம் பல். இவள் என்ன செய்தாள் தெரியுமா, அதை மேஜை மேல் வைத்துப் பாகம் பாகமாகக் கழற்றிவிட்டாள். கழற்றி, மோட்டாருக்குப் போகிற குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள், உள்ளே பழைய பால் காய்ந்து மஞ்சளாக ஒரு கோடு. இது ஒரு ஆள் வைத்துக்கொள்கிற சாமான், இரண்டு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளக் கூடாது, சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொன்னாங்க என்று சொன்னாள். சுமலதா கோபித்துக்கொள்வாள் என்று நான் பயந்தேன். அவள் அந்தக் கோட்டையே பார்த்துவிட்டு, இத்தனை நாள் என் பையனுக்கு ஏன் வயிற்றால் போச்சு என்று இப்போதானே தெரியுது என்று தலையில் அடித்துக்கொண்டாள், நர்ஸம்மா நம்பரையும் வாங்கிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனாள்.

கடைசியில் அவள் அம்மா வீட்டைப் பார்க்க மணவாள நகர் போனபோது திருவள்ளூரில் ஒரு கடை. இந்தத் தடவை நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். டீ பிரேக் கால் மணி, சாப்பாடு அரை மணி, சாயங்காலம் கால் மணி. ஒரு பக்கம் எடுக்கிற மெஷின் என்றால் இரண்டு பக்கமும் முடிய அரை மணி ஆகும், அப்புறம் சோறு எப்போது தின்பது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிறது என்றால் பதினஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும். பால் மேலே ஏறி மோட்டாருக்குள் போகாதபடி நடுவில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். பிளக் இல்லாத இடத்திலும் ஓட சார்ஜ் நிற்க வேண்டும். மார்பில் வைக்கிற புனல் ஆளுக்கு ஆள் அளவு வேறாமே, எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது, சரியில்லாத அளவு போட்டால் புண்ணாகிவிடுமாம், அதை முன்னாடியே ஸ்கேல் வைத்து அளந்து எழுதி வைத்திருந்தாள். கம்பெனியில் அளக்கிற கருவியை வெளியே விட மாட்டார்கள், விட்டிருந்தால் அதையே கொண்டுவந்து அளந்திருப்பாள். துணிக்குள்ளேயே வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று ஒரு புது மாதிரி மெஷினைக் கடைக்காரர் ஆசை காட்டினார். நான் அதையே எடுடி, லைனில் நின்றுகொண்டே எடுக்கலாம், சூப்பர்வைசருக்கும் தெரியாது என்று கிண்டல் செய்தேன். அவள் சிரித்துவிட்டு, இதில் கழுவ வேண்டிய சந்து பொந்து அதிகம் அத்தை என்று ஒதுக்கிவிட்டாள். பிறகு தான் பார்த்துவைத்ததை எடுத்து, உள்ளே இருக்கிற குட்டி வால்வு ரப்பரைக் கழற்றி, இது தனியாகக் கிடைக்குமா என்று கேட்டாள். கடைக்காரர், அதெல்லாம் கிழியவே கிழியாதும்மா என்றார். அதற்கு இவள், "கிழியாத ரப்பர் எந்தக் கம்பெனில செய்றாங்க சொல்லுண்ணா, நான் அங்கயே வேலைக்குப் போயிடறேன்" என்றாள். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள், அவரே உள்ளே போய் இரண்டு ரப்பர் தனியாக எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, பாவி, இவள் கண்ணுக்குத் தப்பி நம் ஜெரால்டு எப்படிப் பாஸ் ஆனான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதல் நாள் அதை வைத்து உட்கார்ந்தபோது வந்தது பாட்டில் அடி நனைகிற அளவு. எனக்கு மனசு ஆறவில்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சொல்லியும்விட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை, புது ஆளை லைனில் விட்டால் முதல் நாளே முழு கவுண்ட் வருமா அத்தை என்றாள். தினம் அதே நேரம், அதே நாற்காலி. ஒவ்வொரு தடவையும் பாகத்தையெல்லாம் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், தினம் ஒருமுறை தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பாள். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத உன் அப்பா, இப்போது சுத்தமான துணியை விரித்து அதையெல்லாம் கவிழ்த்து எண்ணி வைக்கிறார், பதினோரு உருப்படி, ஒன்று குறைந்தாலும் வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறார். ஒரு வாரத்தில் ஒரே தடவைக்கு ஒரு டம்ளர் அளவுக்கு வர ஆரம்பித்தது.

இனிமேல்தான் விஷயம். போன சனிக்கிழமை அவள் கம்பெனிக்குப் போனாள், பத்தாம் தேதி வருகிறேன் என்று எழுதிக் கொடுக்க, கூடவே பால் எடுக்க ஒரு இடம் கேட்க. முதல் தடவையாகப் பாட்டிலில் பாலை எடுத்து வைத்துவிட்டு, பாப்பா அழுதால் கொடுங்கள் அத்தை, பாட்டில் வேண்டாம், பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சரி என்றேன். நம் வீட்டில் காய்ச்சாத பாலை யாராவது வாயில் வைத்திருக்கிறோமா சொல்லு. மெஷினையே கொதிக்க வைக்கிறவள், அவசரத்தில் பாலைக் காய்ச்சச் சொல்ல மறந்துவிட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்து, நன்றாகப் பொங்க விட்டு இறக்கி, ஆற்றி வைத்தேன். வாடையே வேறு மாதிரி இருந்தது. உன் மகள் ஒரு வாய் வாங்கினாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்படியே என் புடவையில் துப்பினாள். அப்புறம் அழுகை என்றால் அழுகை, மூன்று மணி நேரம். அப்பா தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெனி வந்து நுழைந்தபோது அவள் சுடிதார் முன்பக்கம் நனைந்திருந்தது, ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் மடியில் பிள்ளை அடங்கின பிறகுதான் அடுப்பு மேல் இருந்த பாத்திரத்தைப் பார்த்தாள், ஏடு படிந்த அந்தப் பாலை. ஒரு வாரமாகச் சொட்டுச் சொட்டாகப் பழகி எடுத்த பால். என் மாமியாராக இருந்தால் அந்தப் பாத்திரம் என் தலைக்கு வந்திருக்கும், இவளுக்கு ஏன் கோபம் வரக் கூடாது என்று நின்றேன்.

அவள் கத்தவில்லை. எவ்வளவு நேரம் அழுதாள் என்று மட்டும் கேட்டாள். அப்புறம் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய், தெரியாமல் பண்ணிவிட்டேன் ஜெனி என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் கேட்டுக்கொள். "எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுனா, யாரு பண்ணதுன்னு மொதல்ல கேக்க மாட்டாங்க அத்தை. எப்படிப் பண்றதுன்னு அங்க பேப்பர் மாட்டிக்கினு இருந்துச்சான்னுதான் கேப்பாங்க. நான் மாட்டல. நீங்க இன்னா பண்ணுவீங்க." அவ்வளவுதான். அந்தத் தாளில் படம் போட்டு எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்க வை, அடுப்பில் வைக்காதே, மெதுவாகச் சுழற்று, கையின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார், குடித்த மிச்சத்தை மறுபடி வைக்காதே. அடுப்பு படம் போட்டு அதன் மேல் பெரிதாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து அடுப்புக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள், அது எனக்குக் கிடைத்த மெடல்.

மறுநாள் ஞாயிறு நீ போன் பண்ணினாய். மெஷின் பால் எப்படி என்று கேட்டாய். எடுத்துவைத்த பாலை உன் மகள் குடிக்கவில்லையடா, துப்பிவிட்டாள் என்று சொன்னேன். நான் காய்ச்சிக் கெடுத்தேன் என்று சொல்லவில்லை. வாய் வரவில்லை ஜெரால்டு, உன் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார், மகனிடத்தில் போய் எனக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது. நீ அதை நம்பித்தான் வேலையை விடச் சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன், நீ அப்படிச் சொன்னதும் அப்பாடா, என் தப்பு மூடிப் போனது என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. உன் பொஞ்சாதி இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். அத்தைதான் காய்ச்சினாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேலை பிழைத்திருக்கும். சொல்லவில்லை. நீ வைத்த பிறகும் சொல்லவில்லை. அவள் துணி மடிப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கள்கிழமை காலையில் நாஷ்டா முடித்ததும் மறுபடி பாலை எடுத்து வைத்துவிட்டு, நான் மூன்று மணி நேரம் சுமலதா வீட்டில் இருக்கிறேன் அத்தை, பேப்பரைப் பார்த்துக் கொடுங்கள் என்றாள். அவன்தான் வேண்டாம் என்றுவிட்டானே, இன்னும் எதற்கு இந்த பேஜாரு என்று கேட்டேன். "அவரு அங்கேர்ந்து சொல்லிட்டாரு அத்தை, பாப்பா இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தத் தாள் முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துப் படித்துச் செய்தேன், அப்பா பக்கத்தில் நின்று சூப்பர்வைசர் வேலை பார்த்தார். பாலாடையை உதட்டில் வைத்தேன். ஒரு வாய். யோசித்தாள். இன்னொரு வாய். அப்புறம் பாலாடையையே கடித்து இழுத்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். செவ்வாயும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான். உன் மகள் அந்தப் பாலை ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை ஜெரால்டு, நான் காய்ச்சியதைத்தான் வேண்டாம் என்றாள்.

கம்பெனியில் இடம் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் தணிகாசலம் நல்ல மனுஷன்தான், ஆனால் பால் என்கிற வார்த்தையைக் கேட்டதும் பேனாவைத் திருகிக்கொண்டு, இதெல்லாம் பாத்ரூம் பக்கம் பார்த்துக்கொள்ளக் கூடாதாம்மா என்றாராம். சார், நீங்கள் உங்கள் டிபன் பாக்ஸை அங்கே வைத்துச் சாப்பிடுவீர்களா என்று இவள் கேட்டிருக்கிறாள். பிறகு பர்ஸ்ட் எய்டு ரூமைத் திறந்துவிட்டார். ஒரு நாற்காலி, ஒரு பிளக், உள்ளே ஒரு தாழ்ப்பாள், இது மூன்றும் போதும் என்று எழுதி வாங்கி வந்திருக்கிறாள். இதே ஊரில்தான், நீ கைக்குழந்தையாக இருந்தபோது, நான் எறா கம்பெனியில் இறால் ஓடு உரிக்கப் போனேன். மத்தியானத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டிவிடும், சுவருக்குப் பின்னால் போய், கால் படாத இடமாகப் பார்த்து ஒரு ஆமணக்குச் செடி அடியில் பீய்ச்சிவிட்டு வருவேன். அங்கே செடி குடித்தது, இங்கே நீ கஞ்சித் தண்ணி குடித்தாய். தாழ்ப்பாள் போட்ட ரூம் வேண்டும் என்று கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. கேட்டால் கொடுப்பார்கள் என்று என் மருமகள்தான் எனக்குக் காட்டினாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய், நீ அதன் மேல் சொன்ன தீர்ப்பும் செல்லாது. என்னைத் திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அவர் எனக்கு அப்பவே தெரியும் என்றார், அவருக்கு எப்பவும் எல்லாம் அப்பவே தெரியும். நீ வேண்டாம் என்றாலும் திங்கள்கிழமை காலை அஞ்சே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் அவளை நான் ஏற்றிவிடுவேன், உன் மகளை என் மடியில் வைத்துக்கொள்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நர்ஸம்மா ஒன்று சொன்னாள், மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உட்காருகிறவள் மனசில் பாரம் இருந்தால் பால் இறங்காதாம். புருஷன் பேச்சை மீறி வந்துவிட்டோமே என்கிற நினைப்போடு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் அளந்து பார்த்து வாங்கியது எல்லாம் வீண். மற்ற எல்லாவற்றையும் அவளே பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டாள், அவள் எந்தக் கடையிலும் போய் வாங்க முடியாதது உன் வாய்ச்சொல் ஒன்றுதான். இந்த லெட்டர் கிடைத்த அன்றைக்கே, ஞாயிறு சாயங்காலத்துக்குள், அவளைக் கூப்பிட்டுப் போய்ட்டு வா ஜெனி என்று சொல்லு. நான் எழுதினேன் என்று சொல்லாதே, உனக்காகத் தோன்றியதாகவே இருக்கட்டும்.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காப்பாராக, போகிற இடமெல்லாம் உனக்குத் துணையாக நிற்பாராக. தண்ணீர் நிறையக் குடி, வெல்டிங் அடிக்கும்போது கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்காதே, யேசுதாஸுக்கும் ஊறுகாயில் பாதி கொடு. ஞாயிறு சாயங்காலம், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் நலத்துக்கு ஜெபிக்கிற அம்மா
தா. ரோசம்மாள்